மீன் பெட்டியில் இறங்கிய குளிர்காலம்

தூவானப்பட்டிக்கு ஒரு வருசம் குளிர்காலம் வரவில்லை. வராமல் வேறு எங்கேயும் போய்விடவும் இல்லை. எல்லா வருசமும் போலக் கார்த்திகை கடைசியில் மலையேறி வந்தது, ஊர் எல்லையில் சிலுவை நிற்கிற குருசடியைத் தாண்டியது, பூண்டுக் காட்டையும் கோயில் மைதானத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சந்தியாகு வீட்டுக் கொல்லைக்குப் போய், பேரிக்காய் மரத்தடியில் அவர் மனைவி அமலோற்பவம் வரிசையாக வைத்திருந்த மீன் பெட்டிகளுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.

மீன் பெட்டி என்றால் மீன் இருந்த பெட்டி இல்லை. வத்தலக்குண்டிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியில் மீன் கொண்டுவருகிற காதர் பாய், ஐஸ் போட்டு அடைத்துவரும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள். மூலை உடைந்து போனால் அமலோற்பவத்திடம் கொடுத்துவிடுவார். அவள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மக்கின இலையும் ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, அதில் ஐரிஸ் விதை போட்டிருந்தாள். மேலே பொடிக்கல் பரப்பி, கோழி கிளறாமல் இருக்கப் பழைய கொசுவலையை இழுத்துக் கட்டியிருந்தாள்.

ஐரிஸ் என்பது வாள் மாதிரி இலை உள்ள செடி. பூவில் மூன்று இதழ் கை கூப்பினாற்போல மேலே நிற்கும், மூன்று இதழ் நாக்கு மாதிரி கீழே தொங்கும், தொங்குகிற இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி மஞ்சள் முடி இருக்கும். அமலோற்பவம் கலியாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு துண்டுக் கிழங்கை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொல்லையில் நட்டாள். அது பெருத்து, வெடித்து, புதராகி, ஒவ்வொரு மே மாதமும் மழைக்கால மேகத்தின் அடிவயிறு போன்ற ஒரு நீலத்தில் பூத்தது. மே மாதக் கடைசியில் மாதாவுக்கு முடிசூட்டும்போது பீடத்தில் நிற்பது அந்தப் பூதான். அந்த முடிசூட்டுக்குத்தான் திருப்பூரிலிருந்து மகன் அருளப்பனும் ஆவடியிலிருந்து மகள் செலினும் பிள்ளை குட்டிகளோடு மலையேறி வருவார்கள். ஏப்ரல் பிறந்தால் போனில் முதல் கேள்வி, "அம்மா, மொட்டு விட்டுருச்சா?" என்பதாகத்தான் இருக்கும்.

அவர்களும் ஆளுக்கொரு கிழங்கு கொண்டுபோனார்கள். கீழே அது பிழைக்கவில்லை. "இலையெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு, பூக்கவே மாட்டேங்குது, அப்பறம் அழுகிப்போச்சு, இங்க குளிரு இல்லல்ல" என்றான் அருளப்பன். பிறகு ஒரு வருசம் விடாமல் பெய்த மழையில் தாய்ப்புதரும் அடியோடு அழுகியது. அந்த மே மாதம் அருளப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த மே மாதம் செலினுடைய மகனுக்கு நீச்சல் வகுப்பு. சந்தியாகு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமலோற்பவத்துக்கு மட்டும் அது கணக்குப் போல நேராகத் தெரிந்தது: பூ இல்லை, அதனால் பிள்ளைகள் இல்லை, பூ வந்தால் பிள்ளைகள் வருவார்கள்.

அழுகின புதரின் ஓரத்தில், கடைசியாகப் பூத்துக் காய்ந்து நின்ற ஒற்றைத் தண்டில் நாலு காய் முற்றி, பழுப்பாகி, வாய் பிளந்திருந்தது. உள்ளே மிளகு மாதிரி சுருங்கின விதைகள். இனி உலகத்தில் அந்த நீலம் இருக்கிறதென்றால் அதற்குள்தான் இருக்கிறது. ஐரிஸ் விதைக்குப் பிடிவாதம் அதிகம், முளைக்காதே முளைக்காதே என்று சொல்லுகிற ஒரு கசப்பு அதன் தோலுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழுவிப் போக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு நாளுக்கொரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். அதற்குமேல் ஒரு முழுக் குளிர்காலமும் மண்ணுக்குள் கிடந்து உறைபனி வாங்க வேண்டும். குளிர் போதாவிட்டால் விதை தூங்கிக்கொண்டே இருந்துவிடும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

தூவானப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. மாதா பிறந்தநாள் அன்று, பனிக்காலத்துப் பூண்டு நடுவதற்கு முன்னால், ஒவ்வொரு வீடும் விதைப் பூண்டைக் கூடையில் கொண்டுவந்து கோயிலில் வைக்கும். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். தெளித்து முடித்ததும் யாரும் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு உடனே போய்விட முடியாது. ஒரு கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அடுத்த கூடையில் போட வேண்டும், அதிலிருந்து அள்ளி அதற்கடுத்ததில் போட வேண்டும், இப்படிப் போட்டுப் போட்டு எல்லார் விதையும் எல்லார் கூடையிலும் கலந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். பேசாத வீடுகளும் அன்றைக்குக் கை நீட்டும். அந்த வருசம் அமலோற்பவம் தன் கூடையின் அடியில், பூண்டுக்குக் கீழே, ஐரிஸ் விதையைத் துணியில் முடிந்து வைத்தாள். கலக்கும்போது அந்த முடிச்சின்மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டாள். "தாயே, இந்த வருசக் குளிரு முழுசும் இதுக்கே இறங்கட்டும்" என்று கண்ணை மூடி வேண்டினாள். வேண்டுதலில் குறை வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. மாதாவுக்கும் அவள் சொல்லிக் கேட்காமல் இருந்து பழக்கமில்லை.

அப்படித்தான் குளிர்காலம் மீன் பெட்டிக்கு வந்தது.

முதலில் பார்த்தது சந்தியாகுதான். காலையில் பல் விளக்கிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனவர், பெட்டிகளின் மேல் கொசுவலை கோயில் பீடத்துத் துணி மாதிரி வெள்ளையாக விறைத்து நிற்பதைக் கண்டார். விரலை வைத்தார், எடுத்தார், உதறினார்.

"ஏ புள்ள, பனி எறங்கியிருக்கு."

"எறங்கத்தானே வேணும், மார்கழி வரப்போகுது."

"இங்க மட்டும் எறங்கியிருக்கு. காட்டுல ஒரு பொட்டு இல்ல. எனக்கு வேர்க்குது பாரு."

அமலோற்பவம் வந்து பார்த்தாள். கொசுவலையைத் தூக்கி, பொடிக்கல்லை ஒதுக்கி, மண்ணைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். பழையபடி வலையை இழுத்துக் கட்டினாள்.

அடுத்த நாள் பெட்டிகளைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லும் வெளுத்தது. மரத்தின் அந்தப் பக்கத்துக் கிளைகள் மட்டும் இலையை உதிர்த்துவிட்டு நின்றன. இந்தப் பக்கத்துக் கிளைகளில் அணில் ஓடியது. ஊரில் வீட்டுக்கு வீடு கம்பளியை மடித்து மறுபடியும் தகரப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஓடைத் தண்ணீர் வெதுவெதுவென்று ஓடியது. பெண்கள் முனகாமல் துணி துவைத்தார்கள்.

இது எப்படி என்று தூவானப்பட்டியில் யாரும் கேட்கவில்லை. அங்கே மேகம் வீட்டுக்குள் வந்து அடுப்பங்கரை வழியாக வெளியே போவதுண்டு, அதையும் யாரும் கேட்டதில்லை. குளிர் அமலோற்பவக்கா வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும், தேவைப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். பால் சொசைட்டிக்காரர் சாயங்காலப் பால் கேனைக் கொண்டுவந்து பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிவந்த ஒருத்தி கொசுவலைமேல் கையை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். காதர் பாய் ஐஸ் வாங்குவதை நிறுத்திவிட்டு, மலையேறி வந்ததும் முதல் வேலையாக மீனை அங்கே இறக்கி, விறைக்க வைத்து, பிறகு விற்கப் போனார். "அக்கா, என் பெட்டிதான், ஆனா என்கிட்ட இருந்தப்ப இப்படி இல்லையே" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார்.

ஆண்களுக்குத்தான் பெரிய கஷ்டம். குளிர்காலம் என்றால் சாயங்காலம் கோயில் மைதானத்தில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். குளிர் இல்லாமல் எப்படித் தீ மூட்டுவது, தீ இல்லாமல் எப்படி உட்காருவது, உட்காராமல் எதைப் பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். பிறகு ஆளுக்கொரு விறகைத் தூக்கிக்கொண்டு சந்தியாகு வீட்டுக் கொல்லைக்கே வந்தார்கள். முதுகைப் பெட்டிப் பக்கம் காட்டி, முகத்தைத் தீப்பக்கம் காட்டி உட்கார்ந்து, "என்னா குளிரு, என்னா குளிரு" என்று நிம்மதியாகச் சொன்னார்கள். வயசானவர்கள் வாயைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வீடுவீடாக வேர்வையில் பாடிவிட்டு, சந்தியாகு வீட்டுக் கொல்லைக்கு வந்துதான் ஸ்வெட்டரைப் போட்டார்கள். அமலோற்பவம் எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பெட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள், யாராவது சாய்ந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. செபமாலை சொல்லும்போதும் அவள் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

பொங்கல் சமயத்தில் சந்தியாகு காட்டில் ஒரு பூண்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

பூண்டு குளிரில்தான் பல் பிரியும். உறைபனி மேலே விழ விழத்தான் மண்ணுக்குள்ளே ஒன்று பத்தாகும். பனி படாவிட்டால் அது வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையாக நின்றுபோகும். மோந்து பார்த்தால் பூண்டு, உரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. சந்தியாகு பிடுங்கினது உருண்டையாக இருந்தது. அடுத்ததும் உருண்டை. பக்கத்துக் காட்டில் பிடுங்கினார்கள், மேல் காட்டில் பிடுங்கினார்கள். தூவானப்பட்டிக்கு விளைச்சல் என்றால் பூண்டு ஒன்றுதான். பிள்ளைகள் படிப்பு, பெண்களின் கலியாணம், கோயில் கூரை எல்லாம் அதன் பல்லில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மைதானத்தில் நின்றார்கள். இத்தனை நாள் கடுங்காப்பி குடித்தவர்கள் அமலோற்பவத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். பெட்டியைத் தூக்கி ஓடையில் வீசிவிடலாம் என்றார் ஒருவர். வீசினால் குளிர் ஓடையோடு இறங்கி வத்தலக்குண்டுக்குப் போய்விடும், நமக்கென்ன லாபம் என்றார் இன்னொருவர். சாமியாரை மந்திரிக்கச் சொன்னார்கள். அவர் புதிதாக வந்தவர், சமவெளிக்காரர். "பேயோட்டுறதுக்கு செபம் இருக்கு. குளிர ஓட்டுறதுக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

அப்போது ரெஜினாள் முன்னால் வந்தாள். சந்தியாகுவின் தங்கை, பக்கத்துக் காட்டுக்காரி. அந்தப் பூவை அவளுக்கு என்றைக்குமே பிடிக்காது. வெள்ளைக்காரன் கல்லறையில் நிற்கிற பூவைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருக்கிறாள் என்று கலியாணமான புதிதில் சொன்னதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு அளவோடுதான்.

"மதினி, மந்திரிப்பு அன்னைக்குக் கூடைக்கு அடியில கைய வச்சுப் பொத்திக்கிட்டு இருந்தீங்களே, என்னது அது?"

அமலோற்பவம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பூ விதை."

"கலக்கலையா?"

"கலக்கல."

கூட்டத்தில் ரெண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஏசியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். தூவானப்பட்டியில் திருடினவனோடு பேசுவார்கள், குடித்துவிட்டு விழுந்தவனைத் தூக்குவார்கள். மந்திரிப்பில் கலக்காமல் விட்டவர்கள் என்று இதற்கு முன்னால் யாரும் இருந்ததில்லை, அதனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அதை என்ன செய்யணுமோ நானே செய்யிறேன்" என்றாள் அமலோற்பவம். "எனக்கு ரெண்டு நாள் விடுங்க."

வீட்டுக்குத் திரும்பின சந்தியாகு வாசலுக்கு வந்ததும், "பிள்ளைங்க பூவுக்குத்தான் வருதுகன்னு நினைக்கிறியா?" என்றார்.

"வேற எதுக்கு வந்துச்சு, சொல்லுங்க?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் அமலோற்பவம் ஒரு பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தங்கள் காட்டுக்குப் போனாள். குளிர் இடுப்பெலும்பு வரைக்கும் இறங்கியது. பாத்திக்கு நடுவில் பெட்டியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைச் சுற்றியிருந்த பூண்டுத் தாள் எல்லாம் வெளுத்து, மடங்கி, வெயில் ஏறினதும் வெந்நீர் ஊற்றினாற்போலக் கறுத்துவிட்டது. ஒரு மலைக்கு உண்டான குளிர் ஒரு பெட்டிக்குள் இருந்தால் எந்தப் பயிர் தாங்கும்? சந்தியாகு வரப்பின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்தது அவருடைய பூண்டு. "எடுத்துரு" என்று மட்டும் சொன்னார்.

எடுத்துரு என்றால் எங்கே வைப்பது? அவள் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, பொடிக்கல்லை ஒதுக்கி, விரலை விட்டு ஒரே ஒரு விதையைத் தோண்டி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்தாள். அவள் பயந்த மாதிரி அது கையை விறைக்க வைக்கவில்லை. ஓடைத் தண்ணீரில் கிடந்த கூழாங்கல் மாதிரி இருந்தது. கையை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு பாத்திப் பாத்தியாக நடந்தாள். அவள் போன இடமெல்லாம் பூண்டுத் தாளின் நுனியில் மெல்லிசாக ஒரு வெள்ளை படிந்தது. தாள் மடங்கவில்லை. நிமிர்ந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது.

பாத்திக்கு ஒரு விதை நட்டால் ஊர் முழுக்கச் சரியான குளிர் இறங்கும். ஆனால் விதை ஊர் முழுக்கப் போய்விடும். அவள் கையை விட்டுப் போய்விடும். எவர் காட்டில் மாடு மிதிக்கும், எவர் காட்டில் நாய் தோண்டும், எவர் மருந்தடிப்பார்? அதைவிட மோசம், ஐரிஸ் முளை பார்ப்பதற்குப் பூண்டு முளை மாதிரியேதான் இருக்கும், ஒற்றைப் பச்சைக் கீற்று. களை எடுக்கிறவள் பிடுங்கிவிடுவாள், அறுப்புக்காரன் பூண்டோடு சேர்த்து உருவிவிடுவான். மூன்று வருசம் பொறுத்தால்தான் ஒரு விதை பூக்கும். மூன்று வருசம் நாற்பது வீட்டுக் கையையும் நாற்பது வீட்டுக் காலையும் நம்ப வேண்டும். அவளோ கோயில் மெழுகுவர்த்தியைக்கூட உபதேசியார் நேராக வைக்கவில்லை என்று தானே போய்த் திருப்பி வைக்கிறவள்.

வரப்பில் உட்கார்ந்து அவள் மாதாவோடு பேசினாள். மன்னிப்புக் கேட்டு அழவெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "கேட்டதைக் குடுத்துட்ட. கேக்கத் தெரியாமக் கேட்டுட்டேன். இப்ப ஆளுக்கொரு கை அள்ளிப் போடுறேன். நீ பாத்துக்க. பாத்துக்கிருவேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். எழுந்து முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டினாள்.

அன்றைக்கே பெட்டிகளைச் சந்தியாகு தலையில் ஒன்றும் தன் இடுப்பில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காடாக ஏறி இறங்கினாள். யாரிடமும் கொடுத்து நடச் சொல்லவில்லை. தானே குனிந்து, பாத்தியின் தலைமாட்டில் கரண்டிக் காம்பால் குழி போட்டு, ஒரு விதை வைத்து, மேலே ஒரு சிட்டிகை பொடிக்கல் வைத்து, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பேரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னாள். காட்டுக்காரர்கள் முதலில் தள்ளி நின்றார்கள். கால் வழியே குளிர் ஏறத் தொடங்கினதும் கிட்டே வந்தார்கள். ஒருவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, "என்னா குளிரு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவள்மேல் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது.

கடைசியில் ரெஜினாளின் காடு. அவள் வேலிப்படலைத் திறக்காமல் நின்றாள்.

"கல்லறைப் பூ எனக்கு வேணாம்."

"பூவ விடு. பூண்டுக்குப் பல்லு வேணுமா வேணாமா?"

ரெஜினாள் படலைப் பாதி திறந்தாள். "நட்டுட்டுப் போங்க. ஆனா மதினி, என் பாத்தியில பூத்துச்சுன்னா அது என் பூ. நாளைக்கு வந்து வேர்ல பங்கு கேக்கக் கூடாது."

"உன் பூதான்."

"பிடுங்கிப் போட்டாலும் கேக்கக் கூடாது."

அமலோற்பவம் விதையை உள்ளங்கையில் ஒரு தரம் உருட்டினாள். "கேக்க மாட்டேன்" என்று சொல்லிக் குனிந்து நட்டாள்.

அன்று சாயங்காலமே ஊருக்குள் குளிர் இறங்கியது. பிந்தி வந்ததற்கு வட்டியும் முதலுமாக மாசி முடியும்வரை இருந்தது. கம்பளிகள் மறுபடி வெளியே வந்தன. ஆண்கள் மைதானத்தில் தீ மூட்டினார்கள். ஓடையில் துணி துவைத்த பெண்கள் பழையபடி முனகினார்கள். காதர் பாய் காலிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "எங்கக்கா போச்சு எல்லாம்?" என்றார். "நாலு பக்கமும் போய் நின்னு பாருங்க பாய், தெரியும்" என்றாள். அவர் நின்றார், நடுங்கினார், மறு வாரத்திலிருந்து மறுபடியும் ஐஸ் வாங்கினார்.

பங்குனியில் பூண்டு அறுத்தபோது சந்தியாகு முதல் பூண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். அது வாய்விட்டுப் பிளந்தது, பல் பல்லாக. அவர் அதை அமலோற்பவத்தின் கையில் வைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

அதற்குள் பொடிக்கல் வைத்த இடங்களில் பச்சைக் கீற்றுகள் வந்திருந்தன. அவள் பயந்தபடியே பூண்டா பூவா என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் தூவானப்பட்டி ஜனங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யார் முதலில் செய்தது என்று தெரியாது. அறுப்பின்போது எல்லாக் காட்டிலும் எல்லாரும் இலை நுனியைக் கிள்ளி மோந்து பார்த்தார்கள். வாசம் இருந்தால் பிடுங்கினார்கள். வாசம் இல்லாவிட்டால், "இது அமலோற்பவக்காவோடது" என்று சொல்லி, மண்ணை அணைத்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். அந்த மூன்று வருசமும் அந்த ஊர்க்காரர்களை எங்கே பார்த்தாலும் விரல் நுனியை மோந்துகொண்டிருப்பார்கள் என்று கீழே கேலி பேசினார்கள். மாடு சிலவற்றை மிதித்தது, நாய் சிலவற்றைத் தோண்டியது. அவள் தினமும் ஒரு பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எதையும் திருப்பி நேராக வைக்கவில்லை.

மூன்றாவது மே மாதம் பூத்தது.

விதையில் வருகிற ஐரிஸ் தாயைப் போலவே வராது, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வரும். ஒரு காட்டில் வெண்ணெய் நிறம், ஒரு காட்டில் கத்தரிக்காய்த் தோல், ஒரு காட்டில் ஈர மண் நிறத்தில் மஞ்சள் நாக்கு. ஊர் முழுக்க வரப்பு வரப்பாக வாள் இலைகளுக்கு நடுவில் பூக்கள் நின்றன. வெயில் ஏறின பிறகும் பூவுக்குள் மூக்கை வைத்தால் மார்கழி காலையின் குளிர் கொஞ்சம் இருந்தது. சந்தியாகுவின் காட்டில் பூத்தது கடுங்காப்பி நிறம். அதை அழகு என்று சொல்லப் பெற்ற தாய்க்கே மனது வர வேண்டும்.

போனில் சேதி கேட்ட அருளப்பனும் செலினும் வந்தார்கள். வந்த அன்றே அப்பாவின் காட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்து, முகம் சுருங்கித் திரும்பிவந்தார்கள். "அம்மா, நம்ம நீலம் எங்கம்மா?" என்றாள் செலின்.

"எங்கயாச்சும் இருக்கும். போய்த் தேடுங்க."

தேடினார்கள். ஒரு காட்டுக்குப் போனால் அந்த வீட்டில் காப்பி, அடுத்த காட்டுக்குப் போனால் அந்த வீட்டில் சோறு. சின்னப் பிள்ளையில் பிரிந்துபோன சிநேகிதர்களையெல்லாம் பார்த்துப் பேசி, இருட்டின பிறகுதான் திரும்பினார்கள். மறுநாளும் அப்படியே. வருசத்துக்கு ஒரு தடவை வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுக் கொல்லையிலேயே இருந்துவிட்டுப் போகிறவர்கள், அந்தத் தடவைதான் ஊருக்கு வந்தார்கள். முடிசூட்டுக்கு முதல் நாள் ரெஜினாளின் வேலியோரம் செலின் நின்றுவிட்டாள். பாத்தித் தலைமாட்டில் மூன்று தண்டு. மழைக்கால மேகத்தின் அடிவயிறு. அதே நீலம்.

"அத்தை" என்று கூப்பிட்டாள் செலின். "இதுல ஒரு கிழங்கு..."

அமலோற்பவம் பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்தாள். "அது அத்தையோட பூ. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

ரெஜினாள் களைக்கொத்தோடு எழுந்து வந்தாள். படலைத் திறந்துவிட்டாள். "வேர்ல பங்கு கேக்கக் கூடாதுன்னு உங்கம்மாகிட்டதான் சொன்னேன். உன்கிட்டச் சொன்னேனா? உங்கம்மா இத்தனை வருசத்துல வாயத் தொறந்து என்கிட்ட ஒண்ணு கேட்டதும் இல்ல, எனக்கு ஒண்ணு குடுத்ததும் இல்ல, இது ஒண்ணத் தவிர." குனிந்து கிழங்கின் ஒரு கிளையைக் கொத்தினாள். "மதினி, நிக்கிறீங்களே, மண்ணோட கட்டுறதுக்கு ஒரு துணி குடுங்க."

அமலோற்பவம் முந்தானையை நீட்டினாள்.

அருளப்பன் கடுங்காப்பி நிறத்தைத்தான் எடுத்துக்கொண்டான். அப்பா காட்டில் பூத்தது என்பதற்காக. "அங்க பூக்குமான்னு தெரியலம்மா, குளிரு வேணுமே" என்றான். அமலோற்பவம் கிழங்கை மண்ணோடு கட்டிக் கொடுத்தாள். பூக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மார்கழி மாதம் ஒரு காலை, அவள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அருளப்பன் போன் பண்ணினான். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, எங்க வாசல்ல பனி பெஞ்சிருக்கு."

"தொட்டி மேலயா?"

"தொட்டி மேல, படி மேல, வண்டி சீட்டு மேல. காம்பவுண்டு ஜனம் பூரா இங்கதான் நிக்குது. ஹவுஸ் ஓனர் வாயத் தொறந்து தொறந்து புகை விட்டுப் பாக்குறாரு. எதிர் வீட்டம்மா இட்லி மாவுப் பாத்திரத்தக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கு. என்னம்மா செய்யிறது?"

அமலோற்பவம் வாசலுக்கு வந்தாள். மைதானத்தில் நேற்றைய தீயின் சாம்பல்மேல் வெள்ளை படிந்திருந்தது. கீழ்க்காடு, மேல்காடு, ரெஜினாளின் காடு எல்லாம் ஒரே வெள்ளை.

"உன் வாசல்ல மட்டுமா? மத்த வீட்டுல இல்லையா?"

"இல்லம்மா. நம்ம வாசல்ல மட்டுந்தான்."

"கிழங்கு பக்கத்துல குட்டி விட்டுருக்கா பாரு."

"விட்டுருக்கு."

"அப்பக் கத்திய எடு" என்றாள் அமலோற்பவம். அவள் வாயிலிருந்து புகை வந்தது. "காம்பவுண்டுல எத்தனை வீடு இருக்குன்னு எண்ணிச் சொல்லு."